புதுப்பித்த அம்பாசடர் எஞ்சினில் டைமிங் கோளாறு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

போரிங் செய்து, கிராங்கைக் கடைந்து, புதிய பிஸ்டனும் ரிங்கும் பேரிங்கும் போட்டு இறக்கிய எஞ்சின் சரியாக ஓடவில்லை என்றால் முதல் பழி, பிளக்கில் பொறி விழும் நேரமான டைமிங் மேல்தான் விழுகிறது. உடனே ஒருவர், பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்பைத் தளர்த்தி, சத்தத்தைக் காதால் கேட்டுக்கொண்டே அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். சத்தம் இனிமையாக வந்த இடத்தில் இறுக்கிவிடுவார். இரண்டு நாள் கழித்து வண்டி புளியரை ஏற்றத்தில் கொதித்து நிற்கும்.

திருநெல்வேலிப் பக்கம் பழைய அம்பாசடரைப் பேணி வைத்திருப்பவர்கள் இன்றும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் வண்டிகளில் நான் திரும்பத் திரும்பக் காண்பது இதுதான்: புதிய எஞ்சினில் குற்றமில்லை. கழுவித் துடைத்து அதன்மேல் மாட்டிய பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கிறது, அல்லது யாரும் சரிபார்க்காத ஒரு குறியில் இருக்கிறது. அதனால் கீழே எந்த அறிகுறிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவதை முதல் வேலையாக நான் சொல்லவில்லை.

இங்கே சொல்வதெல்லாம் 1489 சி.சி. எஞ்சினுக்கு. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரிலும் இருந்து, அம்பாசடரில் பல்லாண்டு ஓடிய அதே எஞ்சின். பற்றும் வரிசை 1-3-4-2. ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்றாவது சிலிண்டர். மேலிருந்து பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் இடஞ்சுழியாகச் சுற்றும். எனவே டிஸ்ட்ரிபியூட்டர் உடலை வலஞ்சுழியாகத் திருப்பினால் டைமிங் முந்தும், இடஞ்சுழியாகத் திருப்பினால் பிந்தும். பலர் தடுமாறும் இடம் இது என்பதால் ஒரு சீட்டில் எழுதி பானெட்டின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.

அறிகுறிக்குப் போகுமுன்: குறியை நம்பலாமா?

முன்மூடியில் கூரான பற்கள் இருக்கும். நீளமானது டி.டி.சி., அதாவது ஒன்றாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். மற்றவை 5 பாகை, 10 பாகை முன்பு. கிராங்க் கப்பியின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். புதுப்பிக்கும்போது ஒரு வண்டியின் முன்மூடி இன்னொரு வண்டிக்குப் போயிருக்கலாம். கப்பி பழைய இரும்புக் கடையில் வாங்கியதாக இருக்கலாம். பல் வளைந்திருந்தாலும் போதும், கணக்கு முழுவதும் பிசகும்.

சரிபார்க்க ஒரு பழைய பிளக் போதும். அதன் பீங்கானை உடைத்தெடுத்து, உடலில் ஒரு போல்ட்டைப் பொருத்தி, முனையை உருட்டி மழுக்கிக்கொள்ளுங்கள். எல்லா பிளக்குகளையும் கழற்றி, இதை ஒன்றாவது சிலிண்டரில் மாட்டுங்கள். ஸ்டார்ட்டிங் ஹேண்டிலால் மெதுவாகச் சுற்றுங்கள். பிஸ்டன் போல்ட்டில் முட்டி நிற்கும். கப்பியில் சாக்பீஸால் ஒரு கோடு. எதிர்த்திசையில் சுற்றி மறுபடி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவே இருப்பதுதான் உண்மையான டி.டி.சி. வெட்டு அங்கே விழாவிட்டால் வெட்டை மறந்துவிட்டு நீங்கள் போட்ட நடுக்கோட்டை வெள்ளைப் பெயின்ட்டால் நிலைப்படுத்துங்கள். இந்தச் சோதனையில் செல்ஃப் மோட்டாரைத் தொடவே கூடாது. பிஸ்டன் தலை உடைந்துவிடும்.

மற்ற பாகைகளையும் நீங்களே குறித்துக்கொள்ளலாம். கப்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து 3.14ஆல் பெருக்கி 36ஆல் வகுத்தால் 10 பாகைக்கான தூரம் கிடைக்கும். விட்டம் 140 மி.மீ. என்றால் 12.2 மி.மீ.

பிறகு வரிசை மாறாமல் டேப்பட் (வால்வு இடைவெளி), சி.பி. பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிப் பொறியை எழுப்பும் முனைகள்), டைமிங், கடைசியாகக் கார்புரேட்டர். டேப்பட் வைக்க ஒன்பது கணக்கு உதவும்: எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதல் வால்வு, ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவது, கூட்டினால் எப்போதும் 9. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இடைவெளி கூடினால் டைமிங் முந்தும், குறைந்தால் பிந்தும். டைமிங் வைத்த பிறகு பாயிண்ட்டைத் தொட்டவர் டைமிங்கையும் மாற்றிவிட்டார் என்று பொருள்.

நிலைநிறுத்தி டைமிங் வைக்க ஒரு 12 வோல்ட் சிறு பல்பு போதும். ஒரு கம்பியை டிஸ்ட்ரிபியூட்டரின் சிறு கம்பி முனையிலும் மற்றதை எர்த்திலும் கொடுங்கள். எஞ்சினை அது ஓடும் திசையிலேயே சுற்றி, ஒன்றாவது சிலிண்டர் அமுக்கத்தில் வரும்போது வெட்டை 5 பாகையில் நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னே கொண்டுபோய் மறுபடி வாருங்கள். செயினின் தளர்ச்சி அப்போதுதான் ஒரே பக்கம் இருக்கும். இக்னிஷனைப் போட்டு, கிளாம்பைத் தளர்த்தி, பல்பு அணையும்வரை உடலை இடஞ்சுழியாகத் திருப்பி, பிறகு மெல்ல வலஞ்சுழியாகத் திருப்புங்கள். பல்பு பளிச்சென்று எரியும் கணத்தில் நிறுத்தி இறுக்குங்கள். அந்த நேரம் ரோட்டாரை விரலால் வலஞ்சுழியாக லேசாக அழுத்திக்கொண்டால் பல்லிடைத் தளர்ச்சியும் அடங்கும். பாயிண்ட் மூடிய நிலையில் இக்னிஷனை வெகுநேரம் போட்டு வைக்காதீர்கள், இக்னிஷன் காயில் சூடேறிவிடும்.

உங்கள் எஞ்சினின் அமுக்க விகிதத்துக்குக் கையேடு வேறு எண் சொன்னால் அதையே வையுங்கள். கையேடு இல்லாதவர்களுக்கு 5 பாகை ஆபத்தில்லாத தொடக்கம். பக்கவாட்டில் உருளைத் திருகு உள்ள லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டராக இருந்தால், தொடங்குமுன் அதை நடுவில் நிறுத்துங்கள். அதன் அளவுகோலில் ஒரு கோடு ஏறக்குறைய 5 பாகை. 11 சொடுக்கு ஒரு பாகை. சாலையில் ஓட்டிப் பார்த்து நுணுக்கமாகத் திருத்த அந்தத் திருகுதான் இருக்கிறது.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை, கார்புரேட்டரில் தும்முகிறது

பெரும்பாலும் ஒரு முழுச் சுற்று தவறியிருக்கும். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒன்றாவது பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வரும்; ஒன்று அமுக்கத்தில், மற்றது புகை வெளியேறும்போது. வெட்டு இரண்டு முறையும் அதே பல்லில்தான் நிற்கும். வால்வுகளின் மேல் இருக்கும் ராக்கர் மூடியைக் கழற்றி நாலாவது சிலிண்டரின் வால்வுகளைப் பாருங்கள். ஒன்று மூடிக்கொண்டும் மற்றது திறந்துகொண்டும் ஆடினால் ஒன்றாவது அமுக்கத்தில் இருக்கிறது. அப்போது ரோட்டார் ஒன்றாவது பிளக் வயருக்கு நேராக நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் நின்றால் நான்கு வயர்களையும் மாற்றி மாட்டி ஓட்டிவிடலாம். ஆனால் எனக்கு அது பிடிக்காது. அடுத்து அந்த வண்டியைத் தொடுபவர் ஏமாறுவார். டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி, உள்ளே இருக்கும் ஓட்டுத் தண்டை 5/16 அங்குல போல்ட்டால் பிடித்து எடுத்து, சரியான பல்லில் இறக்குவதே முறை. அதன் வெட்டுப் பள்ளம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கி இருப்பதால் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரே விதமாகத்தான் உட்காரும்.

ரோட்டார் சரி, வயர் வரிசையும் இடஞ்சுழியாக 1-3-4-2 சரி, இருந்தும் தும்முகிறதா? டைமிங் செயின் ஒரு பல் தவறியிருக்கலாம். முன்மூடியைத் திறக்காமலே பார்க்க வழி உண்டு. டேப்பட் அளவைச் சமமாக வைத்து, ஒன்றாவது அமுக்கத்தில் உண்மையான டி.டி.சி.யில் நிற்கும்போது நாலாவதின் இரண்டு வால்வுகளும் ஏறக்குறைய ஒரே அளவு சிறிது திறந்திருக்க வேண்டும். ஒன்று நன்றாகத் திறந்தும் மற்றது முழுக்க மூடியும் இருந்தால் செயின் தவறியிருக்கிறது. இதை டிஸ்ட்ரிபியூட்டரால் ஈடுகட்ட முடியாது. முன்மூடியைக் கழற்றி இரண்டு சக்கரங்களின் புள்ளிகளும் ஒன்றையொன்று பார்க்கும்படி மாட்டித்தான் ஆக வேண்டும். வேலை பெரிது, ஆனால் வேறு வழியில்லை.

செல்ஃப் அடித்தால் எதிர்த்து உதைக்கிறது

டைமிங் மிகவும் முந்தியிருக்கிறது. பிஸ்டன் ஏறி முடிப்பதற்கு முன்பே தீப்பற்றி அதைக் கீழே தள்ளுகிறது. செல்ஃப் திணறி நிற்கும், ‘டக்’ என்று ஒரு அடி கேட்கும். அதன் பல் சக்கரம் தெறிக்கும்முன் நிறுத்திவிட்டு, பல்பு வைத்து மறுபடி 5 பாகைக்குக் கொண்டுவாருங்கள்.

ஹேண்டிலால் ஸ்டார்ட் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடியுங்கள், கம்பியைச் சுற்றி வளைக்காதீர்கள். கீழிருந்து மேலே இழுங்கள், மேலிருந்து கீழே அழுத்தாதீர்கள். எதிர்த்து உதைத்தால் விரலும் மணிக்கட்டும் முறியும்.

புதிதாகக் கட்டிய எஞ்சின் இறுக்கமாகவே சுற்றும். பேட்டரியும் தளர்ந்திருந்தால் அந்த மந்தச் சுற்றையே உதை என்று தவறாக நினைக்க வாய்ப்புண்டு. பிளக் நான்கையும் கழற்றிச் சுற்றிப் பாருங்கள். அப்போதும் மந்தம் என்றால் டைமிங் குற்றமில்லை.

“அண்ணாச்சி, வண்டி இழுக்கவில்லை, சூடும் ஏறுகிறது”

புதுப்பித்த எஞ்சினில் நான் அதிகம் கவலைப்படும் அறிகுறி இதுதான். டைமிங் பிந்தினால் எரிதல் தாமதமாகி, வெப்பம் பிஸ்டனைத் தள்ளாமல் புகைபோக்கி வழியே போகும். ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் வரும், வேகம் வராது. அந்தி நேரத்தில் பானெட்டைத் திறந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மங்கிய சிவப்பில் தெரியும். முதல் ஸ்டார்ட்டிலேயே இப்படி ஓடவிட்டால் பெரிய சேதம். வால்வுகளைத் திறக்கும் புதிய கேமும் டேப்பட்டும் பழகுவதற்காக முதல் இருபது நிமிடம் 1500-2000 சுற்றில் ஓட்ட வேண்டியிருக்கிறது. பிந்திய டைமிங்கில் அந்த இருபது நிமிடமே புதிய ரிங்கைக் கெடுக்கப் போதும். அதனால்தான் முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே பல்பு வைத்து டைமிங்கை வைக்கச் சொல்கிறேன், ஓடிய பிறகு அல்ல.

ஆனால் பிந்தியிருக்கிறது என்று முடிவு கட்டுமுன் மூன்றைப் பாருங்கள்.

முதலில் காற்று. ஆனி, ஆடியில் வள்ளியூர் தாண்டிப் பணகுடி, காவல்கிணறு நோக்கிப் போனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எதிரே வந்து முட்டும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சுழற்றும் காற்று அது. நல்ல அம்பாசடர்கூட அங்கே இழுக்காததுபோலத்தான் தெரியும். சோதனை ஓட்டத்தைக் கங்கைகொண்டான் பக்கமாக வையுங்கள், அல்லது ஒரே சாலையில் போகவும் வரவும் ஓட்டி இரண்டையும் ஒப்பிடுங்கள்.

இரண்டாவது பிரேக். ஜாக்கி வைத்து நான்கு சக்கரங்களும் தடையின்றிச் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். புதுப்பிக்கும்போது எஞ்சினோடு பிரேக்கையும் பார்த்தவர்கள் ஷூவை இறுக்கி வைத்துவிடுவது சாதாரணம்.

மூன்றாவது தண்ணீர்ப் பாதை. திசையன்விளை, உவரிப் பக்கம் உப்புத் தண்ணீர் ஊற்றி வருடக்கணக்கில் ஓடிய பிளாக்கின் உள்ளே உப்பும் துருவும் கெட்டிப்பட்டிருக்கும், பின்பக்கச் சிலிண்டர்களைச் சுற்றி அதிகமாக. லேத் பட்டறையில் போரிங் செய்யும்போது பிளாக்கின் பக்கவாட்டு அடைப்பான்களைக் கழற்றிச் சுரண்டாமல் விட்டிருந்தால், டைமிங் எத்தனை துல்லியமாக இருந்தாலும் கொதிக்கும்.

மூன்றும் சரி என்றால் பல்பு வைத்துப் பாருங்கள். பிந்தியிருந்தால் பெரும்பாலும் பாயிண்ட் இடைவெளி மூடியிருக்கும்; புதிய பாயிண்ட்டில், டிஸ்ட்ரிபியூட்டர் கேமில் உராயும் தேய்கட்டை முதல் சில நூறு கிலோமீட்டரில் வேகமாகத் தேயும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். டைமிங் தானாகவே திரும்பி வந்துவிடும்.

ஏற்றத்தில் ‘கலகல’வென்று சத்தம்

டாப் கியரில் மெதுவாக ஏறும்போது, உலோகக் குண்டுகள் டப்பாவுக்குள் உருள்வதுபோன்ற சத்தம் நாக்கிங். டைமிங் முந்தியதற்கு இதை அடையாளமாகச் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. இந்த எஞ்சின் வடிவமைக்கப்பட்ட காலத்தில் பெட்ரோலின் ஆக்டேன், அதாவது நாக்கிங்கைத் தாங்கும் திறன், மிகக் குறைவு. அதற்கேற்ப அமுக்கமும் குறைவாகவே வைத்தார்கள். இன்று பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாக்கிங்கை நன்றாகவே தாங்கும். எனவே டைமிங் தேவைக்கு மேல் முந்தியிருந்தும் சத்தமே வராமல் ஓடலாம். ‘சத்தம் வரும்வரை முன்னே திருப்பு, பிறகு கொஞ்சம் பின்னே திருப்பு’ என்ற பழைய வழியை இன்றைய பெட்ரோலில் நம்பக் கூடாது. கேட்காத இடத்திலும் பிஸ்டனும் பேரிங்கும் அடி வாங்கிக்கொண்டிருக்கும்.

டைமிங் சரியாக இருந்தும் சத்தம் கேட்டால் காரணம் வேறு இடத்தில். சிலிண்டர்களின் மேல்மூடியான தலையை மட்டம் செய்ய லேத்தில் அதிகமாகச் சீவியிருந்தால் அமுக்கம் ஏறியிருக்கும். பட்டறையில் எத்தனை சீவினார்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்தது கலவை. எத்தனாலில் பிராணவாயு கலந்தே இருப்பதால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டின் பழைய அளவில் கலவை மெலிந்துவிடும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்; வெளுத்துச் சுண்ணாம்புபோல இருந்தால் மெலிந்த கலவை, காப்பிப் பழுப்பாக இருந்தால் சரி. அக்னி நட்சத்திர நாட்களில் மதியம் மட்டும் லேசாகச் சத்தம் வந்து, காலையில் வராவிட்டால் ஒரு பாகை பின்னே வையுங்கள், அதாவது திருகில் 11 சொடுக்கு. அதற்குமேல் போக வேண்டாம்.

நின்றபடி நன்றாக ஓடுகிறது. மிதித்தால் ஒரு கணம் தயங்குகிறது, வேகத்தில் விட்டு விட்டு ஓடுகிறது

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் டைமிங்கைத் தானே முன்னே கொண்டுபோகும் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று வேகத்துக்கேற்ப விரியும் எடைகள். மற்றது கார்புரேட்டரின் உறிஞ்சலால் இயங்கும் வாக்குவம் டப்பா. வருடக்கணக்கில் ஓரமாகக் கிடந்த வண்டியில் எடைகள் துருவேறிப் பிடித்துக்கொள்ளும். மூடியைத் திறந்து ரோட்டாரை இடஞ்சுழியாகத் திருப்பி விடுங்கள். ஸ்பிரிங் விசையில் அது சட்டென்று திரும்பி வர வேண்டும். வராவிட்டால் தட்டைக் கழற்றி, எடைகளின் ஊசிகளைச் சுத்தம் செய்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஸ்பிரிங்கை இழுத்தோ வெட்டியோ திருத்த முயலாதீர்கள். இரண்டு ஸ்பிரிங்கும் வேறு வேறு பலத்தில் இருப்பது பிழையல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

வாக்குவம் டப்பாவின் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். உள்தட்டு நகர வேண்டும். நாக்கால் குழாயை அடைத்தால் நகர்ந்த நிலையிலேயே நிற்க வேண்டும். திரும்பி ஓடினால் உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது. ஓட்டத்தில், பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட் வைத்துப் பார்ப்பவர்கள் இந்தக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். 600 சுற்றில் 5 பாகையில் நிற்கும் குறி, வேகம் ஏற ஏற 10 பாகைப் பல்லைத் தாண்டி வெகுதூரம் சீராகப் போக வேண்டும். நகரவே இல்லை என்றால் எடை பிடித்திருக்கிறது. தாவித் தாவிப் போனால் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

டைமிங் லைட்டில் குறி ஒரு இடத்தில் நிற்காமல் துள்ளுகிறது

எஞ்சினுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் கைவிட்டுவிடும் இடம் இது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்தால், பாயிண்ட்டைத் திறக்கும் கேம் பக்கவாட்டில் ஆடும். ஒரு சிலிண்டருக்கு 0.40 மி.மீ. இடைவெளி, அடுத்ததற்கு 0.30 என்று ஆகி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் வெவ்வேறு டைமிங் கிடைக்கும். ரோட்டாரை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் உணரும்படி ஆடினால் டைமிங் வைத்துப் பயனில்லை.

நல்ல லேத் பட்டறையில் புதிய புஷ் போட்டுக்கொள்ளலாம். எண்ணெய் உறிஞ்சும் வெண்கலப் புஷ்ஷாக இருந்தால் அடிப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்க எஞ்சின் எண்ணெயில் ஊறப்போடுங்கள்; அவசரத்துக்கு 100 பாகை வெப்பத்தில் உள்ள எண்ணெயில் இரண்டு மணி நேரம். ஊறாத புஷ் சீக்கிரமே தண்டைக் கடிக்கும். முழு டிஸ்ட்ரிபியூட்டரே வாங்குவதானால், லூகாஸ்-டி.வி.எஸ். என்று பொறித்திருக்கும் பழைய உடலைத் தேடி, அதில் புஷ் மாற்றுவதையே நான் விரும்புவேன். 1961இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கும் டி.வி. சுந்தரம் ஐயங்கார் நம் திருக்குறுங்குடியில் பிறந்தவர் என்பதை இங்கே பலரும் அறியார்.

புஷ் நன்றாக இருந்தும் குறி துள்ளினால் டைமிங் செயினின் தளர்ச்சியைப் பாருங்கள். புதுப்பித்த எஞ்சினில் பழைய செயினையே போட்டிருப்பது அரிதல்ல.

சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறினால் ஓடுகிறது

டைமிங்கைத் தொடாதீர்கள். நின்ற உடனே, ஆறுவதற்குள், ஒரு பிளக்கைக் கழற்றி வயரோடு எஞ்சின்மேல் வைத்து, கழற்றிய துளையிலிருந்து தள்ளிவைத்துச் சுற்றிப் பாருங்கள். பொறி இல்லை அல்லது மஞ்சளாக மெலிந்து வருகிறது என்றால் குற்றம் பாயிண்ட்டோடு இணைந்த கண்டென்சரிலோ காயிலிலோ இருக்கிறது. பாயிண்ட் முகத்தில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழுந்திருந்தால் கண்டென்சரை முதலில் மாற்றுங்கள். நீலப் பொறி பளிச்சென்று வந்தால் பெட்ரோல் பக்கம் போங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் சூட்டில் சீக்கிரம் ஆவியாகும். பம்ப்புக்கும் கார்புரேட்டருக்கும் இடையே உள்ள குழாய் எக்ஸாஸ்டுக்கு அருகே போனால் அதைத் தள்ளி வையுங்கள். பழைய ரப்பர்க் குழாயையும் பம்ப்பின் ஜவ்வையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள்.

சாவியை எடுத்தாலும் எஞ்சின் சிறிது நேரம் ஓடுகிறது

டைமிங் பிந்தியிருப்பதால் ஐடில் (மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) குறைந்து, அதை ஈடுகட்ட யாரோ திராட்டில் திருகை ஏற்றியிருப்பார்கள். டைமிங்கைச் சரியாக வைத்து, திருகைப் பழைய இடத்துக்கு இறக்கினால் நின்றுவிடும்.

ஓட்டிப் பழகிய பிறகு

முதல் 800 கிலோமீட்டருக்குள் ஒரு நாள் காலை, எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது, தலை போல்ட்டுகளை வரிசைப்படி மறுபடி இறுக்கிப் பாருங்கள். கேஸ்கெட் அமுங்கியிருக்கும். அதனால் டேப்பட் இடைவெளி மாறியிருக்கும், அதையும் வையுங்கள். பாயிண்ட் தேய்கட்டை படியும் கேமில் அரிசியளவு கிரீஸ் தடவி, இடைவெளியை அளந்து, பல்பை மாட்டி 5 பாகை இன்னும் 5 பாகையாகவே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் திருகைச் சில சொடுக்கு நகர்த்தினால் போதும். கிளாம்பைத் தளர்த்த வேண்டியிருக்காது.